பிறர் பின்னிய வலை

சுசீந்திரம் தாணுமாலயன் கோவிலின் சுவர்களிலும் தூண்களிலும் வெட்டப்பட்டுள்ள பெயர்களைப் படிப்பதற்கு எவரும் கட்டணம் கேட்பதில்லை. பழைய எழுத்து அறிந்தவர்க்கு அவை ஆயிரம் ஆண்டுகளின் திறந்த ஏடு. நந்தாவிளக்கு எரியக் கொடை தந்தவர், நிலம் எழுதி வைத்தவர், மண்டபம் எடுப்பித்தவர் என்று ஊரின் பெரியோர் வரிசை அங்கே கல்லில் நிற்கிறது. இக்கோவிலைப் பற்றிப் பேராசிரியர் கே.கே. பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி 1953இல் வெளிவந்த பெருநூல், அந்தக் கல்வெட்டுகளையே முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு ஒரு சமுதாயத்தின் வரலாற்றை வரைந்து காட்டிற்று. ஆனால் கல்லில் பெயர் ஏற வேண்டுமாயின் கொடுப்பதற்கு ஏதேனும் கையில் இருந்திருக்க வேண்டும். கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகவே 1926இல் சத்தியாகிரகம் செய்ய நேர்ந்த மக்கள், தங்கள் பாட்டனின் பாட்டனை எந்தத் தூணில் தேடுவது?

இவ்வூரைத் தழுவி ஓடும் பழையாறு தெற்கே சென்று மணக்குடியில் கடலோடு கலக்கிறது. அங்கும், கோட்டாற்றிலும், கடற்கரை நெடுகிலும் உள்ள நம் பங்குகளில் வேறொரு வகை ஏடு இருக்கிறது. அதுவே திருமுழுக்குப் பதிவேடு. கட்டுமரம் ஓட்டியவரின் மகளுக்கும் வசதி படைத்தவரின் மகனுக்கும் அதில் ஒரே அளவான ஒரு வரி. பெயர், பெற்றோர், பிறந்த நாள், திருமுழுக்குப் பெற்ற நாள், ஞானப்பெற்றோர், குருவானவரின் கையொப்பம், அவ்வளவே. அரசின் நிலக்கணக்கு நிலம் உடையவனை எண்ணியது; இந்த ஏடு பிறந்தவனை எண்ணியது.

இன்று "எம் முன்னோர் யார்?" என்று கேட்கத் தொடங்கும் இளையோர் இவ்விரண்டு இடங்களுக்கும் வருவதில்லை, கைப்பேசியைத் திறக்கின்றனர். கட்டணமின்றி, பெரும்பாலும் தன்னார்வலரின் உழைப்பால் நடைபெறும் வமிசாவளித் தேடல் தளங்கள் இணையத்தில் பல உள்ளன. வளைகுடா நாடுகளிலும் ஐரோப்பாவிலும் வேலை செய்யும் நம் மறைமாவட்டத்துப் பிள்ளைகள், விடுமுறைக்கு வரும்போது அவற்றைப் பற்றி வியந்து பேசக் கேட்கிறோம். ஒரு நூலைத் திறனாய்வது போலவே இவற்றையும் திறனாய்தல் தகும் என்று எண்ணி, சில திங்களாக அவற்றுள் முதன்மையான சிலவற்றைப் பயன்படுத்திப் பார்த்தேன். கண்டதைக் கூறுகிறேன்.

முதலில் பாராட்டு. அது மேற்போக்கான பாராட்டு அன்று. 1996இல் அமெரிக்காவில் தொடங்கிய ஜென்வெப் திட்டத்தில் ஒவ்வொரு மாவட்டத்தின் பக்கத்தையும் ஒரு தன்னார்வலர் பொறுப்பேற்று நடத்தினார். அதே ஆண்டில் அது உலக நாடுகளுக்கும் விரிந்தது. அதன் இலங்கைப் பகுதியில் சிங்களர், பறங்கியர், முஸ்லிம்கள் ஆகியோருடன் தமிழ்க் குடும்பங்களின் கால்வழிகளும் இடம் பெற்றன. இங்கிலாந்தில் 1998இல் தொடங்கிய ஃப்ரீபிஎம்டி என்னும் முயற்சி, அந்நாட்டின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளின் அட்டவணைகளைப் பெயர் பெயராகத் தட்டச்சு செய்து இலவசமாக அளிக்கிறது. அதன் உடன்பிறப்பான ஃப்ரீரெக், பங்குகளின் பழைய பதிவேடுகளை அவ்வாறே படியெடுக்கிறது. அமெரிக்க அரசு 1940ஆம் ஆண்டின் குடிமதிப்பு ஏடுகளை 2012இல் வெளியிட்டபோது, 1,60,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர் சேர்ந்து சில திங்களில் அனைத்திற்கும் பெயர் அட்டவணை செய்து முடித்தனர்.

இப்பணி எவ்வாறு நடைபெறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர் இரவில் அமர்ந்து, மங்கிப்போன மையில் யாரோ எழுதிய ஒரு வரியை உருப்பெருக்கிப் பார்க்கிறார். அது 'ன'வா 'ள'வா என்று ஐயுறுவது போல அவரும் தம் மொழி எழுத்துகளில் ஐயுற்று, ஒருவாறு தெளிந்து, தட்டச்சு செய்கிறார். பல முயற்சிகளில் வேறொருவரும் அதே பக்கத்தைத் தனியே படித்து எழுத, இரண்டும் ஒப்பிடப்படுகின்றன. அந்த வரியில் உள்ளவர் அவருக்கு உறவினர் அல்லர். கூலி இல்லை; பெயரும் வருவதில்லை. தோபித்து தன் உயிருக்கு அஞ்சாது, தெருவில் கிடந்த தன் இனத்தாரின் உடல்களை அடக்கம் செய்தார் என்று விவிலியத்தில் வாசிக்கிறோம். இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களுள் ஒன்று எனில், இறந்தோரின் பெயரைக் கறையானிடமிருந்து மீட்பதையும் அதன் அருகே வைக்கலாம் என்பது என் எண்ணம்.

ஆயினும் இந்தப் பரந்த வலையில் நம்மவர் எங்கே?

இந்தியாவைப் பொறுத்தவரை மிகவும் பயன்தரும் இலவசத் தளம், பிரித்தானிய இந்தியக் குடும்பங்களுக்கான கழகம் நடத்துவது. 1998இல் நிறுவப்பட்ட இக்கழகத்தை ஃபிபிஸ் என்று சுருக்கிக் கூறுவர். இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் உள்ள இந்திய அலுவலக ஆவணங்களிலிருந்து திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகிய பதிவுகளைத் தன்னார்வலர் படியெடுத்துத் தருகின்றனர். சென்னை, பம்பாய், வங்காளம் என்னும் மூன்று மாகாணங்களிலிருந்தும் சபைக் குருக்கள் ஆண்டுதோறும் அனுப்பிய கணக்குகள் அவை. ஆங்கிலோ-இந்தியர் ஒருவருக்கு, இரயில்வேயிலோ படையிலோ பணியாற்றிய பாட்டனைத் தேடுவதற்கு இதைவிடச் சிறந்த இடம் இல்லை. ஆனால் திருவிதாங்கூரின் தென்கோடியில் பிறந்து, அங்கேயே வலைவீசி, அங்கேயே இறந்த ஒருவரை ஆங்கில அரசு எதற்காகக் கணக்கில் வைத்திருக்கப் போகிறது? கழகத்தின் பெயரே அதன் எல்லையைச் சொல்லிவிடுகிறது. ஆகவே அதன்மேல் குறை சொல்வது முறையன்று. அங்கே போய்த் தேடிவிட்டு "எங்களுக்கு வரலாறு இல்லை போலும்" என்று சோர்ந்து திரும்பும் நம் இளைஞன்தான் தவறான கதவைத் தட்டியிருக்கிறான்.

எளியவர் பெயர்கள் பெருமளவில் எழுதப்பட்ட இடம் ஒன்று உண்டு. அது துயரமான இடம். 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அதனருகே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உயரம், உடலில் உள்ள தழும்பு. கத்தோலிக்க வரலாற்றாசிரியர் ஜாய் பிரெய்ன் இப்பட்டியல்களை ஆராய்ந்து, நேட்டாலில் வாழ்ந்த கிறிஸ்தவ இந்தியரைப் பற்றி 1983இல் ஒரு நூல் எழுதினார். அப்பட்டியல்களில் சாதி என்னும் கட்டத்தில் சிலருக்குக் 'கிறிஸ்தவர்' என்றே எழுதப்பட்டிருக்கிறது. எழுத்தர் சோம்பலால் எழுதினாரா, அல்லது கேட்டபோது அந்த ஏழை அவ்வாறே விடை சொன்னாரா? அவரே அவ்வாறு சொல்லியிருப்பார் என்று நம்பவே எனக்கு விருப்பம்.

இன்று தென்னாப்பிரிக்காவில் அவர்களின் வழிவந்தோர் இப்பட்டியல்களைக் கொண்டு ஒருவர்க்கொருவர் கைம்மாறு கருதாது தேடிக் கொடுக்கின்றனர். கப்பலேறிய நாளும், விட்டு வந்த ஊரின் சிதைந்த பெயரும் கிடைத்துவிடுகின்றன. அதற்குமேல் ஒரே ஒரு படி எஞ்சியிருக்கிறது. அந்த ஊரை உள்ளடக்கிய பங்கின் திருமுழுக்கு ஏடுதான் அது. அங்கே வலை அறுந்துவிடுகிறது. அறுபடும் இடம் கடலுக்கு அப்பால் இல்லை, இக்கரையில்தான். இன்னொன்றையும் குறிக்க வேண்டும். கங்காணி முறையில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூட்டங்கூட்டமாகச் சென்றவர்களுக்கு நேட்டாலைப் போன்ற ஆள்வாரியான ஒப்பந்தப் பட்டியலும் இல்லை. ஒப்பந்தம் இருந்தால் பெயர் இருக்கும். கங்காணியின் கடன் கணக்கு மட்டும் இருந்தால் அவனோடு அதுவும் போகும். எனவே இணையத்தில் காணப்படும் இந்திய முன்னோர் என்போர் பெரும்பாலும் யாரோ ஒருவருக்குத் தேவைப்பட்டதால் எழுதப்பட்டவர்கள்.

அடுத்து, பெயர் என்னும் சிக்கல். இத்தளங்கள் அனைத்திலும் முதலில் கேட்கப்படுவது குடும்பப் பெயர். நமக்கு அது இல்லை. தந்தையின் பெயரே தலையெழுத்தாக ஒரு தலைமுறை நின்று மாறிவிடுகிறது. சரி, சொந்தப் பெயரையாவது தேடலாம் என்றால், கடற்கரையில் மிகுதியாக வழங்கும் சவேரியாரின் பெயரை எடுத்துக்கொள்வோம். இலத்தீனில் எழுதிய குரு 'சவேரியுஸ்' என்று எழுதுவார். தமிழில் எழுதியவர் சவேரியார், சவரிமுத்து, சவரியான் என்பார். ஆங்கிலப் பள்ளியில் அவரே சேவியர். பேதுரு இராயப்பன் ஆவார், பவுல் சின்னப்பன் ஆவார், யோவான் அருளப்பன், யோசேப்பு சூசை, இஞ்ஞாசியார் இன்னாசி. இவை நம் மொழி விசுவாசத்தை உள்வாங்கிக்கொண்ட அழகுக்குச் சான்றுகள். தேடல் பொறிக்கோ இவை அனைத்தும் வெவ்வேறு மனிதர்கள். ஆங்கில எழுத்துகளில் எத்தனை வகையாக எழுதுவது என்ற தொல்லை வேறு. கொல்லம் ஆண்டில் குறிக்கப்பட்ட நாள்களை மாற்றிக் கணக்கிடத் தெரியாதவர், அவற்றோடு 825 கூட்ட வேண்டும் என்பதையே அறியாமல் பிள்ளையைத் தந்தைக்கு முன் பிறக்கச் செய்துவிடுகின்றனர்.

நம் மண்ணின் புனிதரையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1712இல் நட்டாலத்தில் பிறந்தபோது நீலகண்டன். 1745 மே 14இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றபோது லாசர். அதன் தமிழாக்கம் தேவசகாயம். 1752இல் ஆரல்வாய்மொழி மலையில் சுடப்பட்டு இறந்தபின் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது கோட்டாற்றில். தந்தை நம்பூதிரி, தாய் நாயர் குலத்தவர் என்பது மரபு. அவர் வளர்ந்தது தாயின் இல்லத்தில், தாய்மாமன் வழியில். இப்போது விக்கிட்ரீ போன்ற ஒரு தளத்தில் அவருக்கொரு பக்கம் திறக்க முற்பட்டால், "தந்தையின் குடும்பப் பெயர் என்ன?" என்று அது கேட்கும். அவர் காலத்தில் அவரிடம் எவரும் கேட்டிராத கேள்வி அது.

மருமக்கள்வழி நாஞ்சில் நாட்டில் புதிய செய்தியன்று. சுசீந்திரத்தை அடுத்த தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, அம்முறையால் நேர்ந்த அவலங்களை எள்ளி 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' பாடினார். நாஞ்சில் வேளாளரிடையே அம்முறை 1926ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடிவுக்கு வந்தது. அதுவரை, ஒருவர் யாருக்கு உரியவர் என்ற கேள்விக்கு விடை தாயும் மாமனுமே. கடற்கரை முக்குவரிடையேயும் மணமான பெண் தன் பிறந்த வீட்டை அண்டியே வாழும் வழக்கம் பரவலாக இருந்ததை, 1991இல் வெளிவந்த தம் ஆய்வு நூலில் கல்பனா ராம் விரிவாகக் காட்டியுள்ளார். இத்தகைய குடும்பங்களைத் தந்தையிலிருந்து மகனுக்கு இறங்கும் மரமாக வரைந்தால், வரைபடம் பிழையின்றி இருக்கும்; குடும்பம்தான் அதில் இராது. தாயின் பக்கத்தை வரைய இத்தளங்கள் தடுக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் கட்டங்களின் அமைப்பே கையைப் பிடித்து ஒரு பக்கமாக இழுக்கிறது.

இனி, கத்தோலிக்கராகிய நாம் தயங்கிப் பேசும் செய்திக்கு வருவோம். இலவசத் தளங்களுள் மிகப் பெரியது ஃபேமிலிசர்ச். தன்னார்வலர் பல இலட்சம் பேர் அதற்கு உழைக்கின்றனர் எனினும், அதை நடத்துவது மோர்மோன் சபை. 1894இல் யூட்டாவில் தொடங்கிய வமிசாவளிக் கழகம், 1938 முதல் உலகெங்கும் ஏடுகளை நுண்படச் சுருள்களாக எடுத்தது. 24 இலட்சத்திற்கும் மேற்பட்ட சுருள்களைக் கருங்கல் மலையொன்றைக் குடைந்த பெட்டகத்தில் வைத்துக் காத்தது. 2021இல் அவற்றை எண்முறைப் படங்களாக மாற்றும் பணியையும் முடித்தது. ஹரித்துவாரத்துப் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த யாத்திரிகர் ஏடுகள்கூட அதில் உள்ளன. உலகின் எந்தப் பல்கலைக்கழகமும் செய்யாத தொண்டு இது. ஆனால் அதன் வேரில் ஒரு கொள்கை இருக்கிறது. இறந்துபோன முன்னோருக்காக உயிரோடிருப்பவர் பதிலாளாக நின்று திருமுழுக்குப் பெறலாம் என்பது அவர்கள் போதனை. அதற்காகவே பெயர்கள் தேடப்படுகின்றன. நாசிகள் கொன்ற யூதர்களின் பெயர்கள் இவ்வாறு பயன்படுத்தப்பட்டதை யூதர்கள் எதிர்த்ததும், 1995இல் அதுபற்றி ஓர் உடன்பாடு ஏற்பட்டதும் உலகறிந்தவை. மோர்மோன் திருமுழுக்கு செல்லத்தக்கதன்று என்று 2001இல் வத்திக்கான் தீர்ப்பளித்தது. 2008 ஏப்ரல் 5 நாளிட்ட மடலில், பங்குப் பதிவேடுகளை யூட்டா கழகத்திற்குப் படமெடுக்கவோ எண்முறையாக்கவோ கொடுக்க வேண்டாம் என்று குருக்களுக்கான பேராயம் ஆயர்களைக் கேட்டுக்கொண்டது.

அத்தடை சரியானதே என்று கருதுகிறேன். தேவசகாயத்தைப் போல், திருமுழுக்கு என்ற ஒன்றிற்காகவே உயிரைக் கொடுத்தவர்களின் நாட்டில், அவர்கள் பெற்ற திருமுழுக்குப் போதாது என்று யாரோ ஒருவர் தொலைவில் அமர்ந்து மீண்டும் அளிப்பதற்கு நம் ஏட்டையே கொடுப்பது எங்ஙனம்? நாம் இறந்தோருக்காகச் செபிக்கிறோம். மக்கபேயர் நூல் காட்டும் வழி அது. அவர்கள் முடித்துவிட்டுப் போனதை நாம் திருத்துவதில்லை. ஆயினும் தடை ஒன்றைச் செய்யாதே என்றது. எதையும் செய்யாதே என்று கூறவில்லை. "உரோமையே தடுத்துவிட்டது" என்று ஏட்டைப் பூட்டிய அலமாரியில், கடற்காற்றிலும் கறையானிடமும் விட்டுவிடுவதற்கு அம்மடலில் இடமில்லை.

திருச்சபைக்கு இது பழைய கடமை. சவேரியார் 1544இல் இக்கடற்கரையில் ஒரே மாதத்தில் பதினாயிரம் பேருக்குமேல் திருமுழுக்கு அளித்தபோது, ஒவ்வொருவருக்கும் அவரவர் புதுப்பெயரை எழுதிக் கையில் கொடுத்ததாகத் தம் மடலில் குறிக்கிறார். பதிவேடு பற்றிய பொதுச்சட்டம் அப்போது இல்லை. திரிதெந்து சங்கம் 1563இல்தான் அதை வகுத்தது. 1614இல் வெளியான உரோமைச் சடங்குநூல், குடும்பங்களின் ஆன்மக் கணக்கு உட்பட ஐந்து ஏடுகளை வைக்கச் சொன்னது. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு ஒருபடி மேலே சென்று, ஆண்டு முடிவில் ஆன்மக் கணக்கு நீங்கலாக ஏனைய ஏடுகளின் படியொன்றை ஆயரகத்திற்கு அனுப்ப வேண்டும் என்றது. 1983ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பில் அந்தக் கட்டாயம் இல்லை. பழைய ஏடுகளைக் கவனமாகக் காக்க வேண்டும் என்ற கட்டளை உண்டு. இரண்டாம் படி ஏன் தேவை என்பதை மணக்குடி மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஏறி வந்து, இரு கரைகளையும் இணைத்த பாலத்தையே பெயர்த்துச் சென்றது. பாலத்தைப் பெயர்க்கும் நீருக்கு ஓர் அலமாரி எம்மாத்திரம்? போதாக்குறைக்கு, நம் பங்குகள் கொச்சி, கொல்லம் என்று பல ஆட்சிகளின்கீழ் இருந்து 1930இல் கோட்டாறு மறைமாவட்டம் ஆயின. 2014இல் குழித்துறை தனியே பிரிந்தது. ஏடு எங்கே இருக்கிறது என்று அறியவே ஒருவர் திருச்சபை வரலாறு படித்திருக்க வேண்டும்.

அப்படியானால் ஏடுகளைப் படமெடுத்து எல்லோரும் காண இணையத்தில் ஏற்றிவிடலாமே என்பர். இங்கேதான் நான் மிகவும் தயங்குகிறேன். தாழ்த்தப்பட்டோர் பட்டியலைப் பற்றிய 1950ஆம் ஆண்டு ஆணை கிறிஸ்தவரை அப்பட்டியலுக்குப் புறம்பாக்கியது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திறந்த கதவு நமக்கு இன்னும் திறக்கவில்லை. 2024 நவம்பரில், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்மணி சாதிச் சான்று கேட்டுத் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் தள்ளிற்று. குழந்தையாக இருந்தபோது அவர் பெற்ற திருமுழுக்கின் பதிவும் அவருக்கு எதிராகச் சான்றாயிற்று. அத்தீர்ப்பைப் பற்றிய கருத்து எதுவாயினும் ஆகுக. இங்கிலாந்தின் பங்குப் பதிவேடு இணையத்தில் ஏறினால் ஒரு குடும்பம் தன் பாட்டனைக் கண்டு மகிழும். நம் பதிவேடு ஏறினால், யாரோ ஒருவர் பிறிதொருவரின் வேலையைப் பறிப்பதற்கு அதில் பெயர் தேடுவார். 'இலவசம்', 'அனைவர்க்கும் திறந்தது' என்னும் சொற்கள் எல்லா நாட்டிலும் ஒரே பொருள் தருவதில்லை. விக்கிட்ரீ உயிரோடிருப்பவரின் செய்திகளை மறைத்துக் காக்கிறது, நல்ல விதிதான். ஆயின் நம் நாட்டில் இறந்த பாட்டியின் திருமுழுக்கும் உயிரோடிருக்கும் பேரனைச் சுடக்கூடும். நூறு ஆண்டு கடந்த ஏடுகளை மட்டும், ஆயரகத்தின் பொறுப்பில், நேரில் வந்து கேட்கும் வழித்தோன்றலுக்குக் காட்டுவது என்பதே இப்போதைக்கு என் மனம் ஒப்பும் எல்லை. படியெடுத்தல் உடனே வேண்டும், திறத்தல் காத்திருக்கலாம். இரண்டையும் ஒன்றெனக் குழப்புவதால்தான் இரண்டுமே நடைபெறாமல் நிற்கின்றன.

திறந்த வலையைப் பிறர் சுருட்டிக்கொள்வதும் உண்டு. 1995 முதல் தன்னார்வலர் கல்லறைகளைப் படமெடுத்துச் சேர்த்த ஃபைண்ட் எ கிரேவ் என்னும் தளம், 2013இல் ஆன்செஸ்ட்ரி என்னும் வணிக நிறுவனத்தின் உடைமையாயிற்று. பார்ப்பதற்கு இன்றும் கட்டணமில்லை. எனினும் உழைப்பைக் கொடையாகத் தந்தவர்களை யாரும் கேட்கவில்லை. (நம் பங்குகள் பலவற்றில் ஏழைகளின் கல்லறை சில ஆண்டுக்கே, பிறகு அதே குழியில் மற்றொருவர். அத்தளம் நமக்குப் பயன்படாமைக்கு அதுவே போதிய காரணம்.)

நம்மவரால் இத்தகைய பணி இயலாது என்று சொல்வதற்கில்லை. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் சிதறிய தமிழரின் ஊதியமில்லா உழைப்பால் நம் இலக்கியங்களை மின்னேடுகளாக்கிற்று. போரின் நடுவே, 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் ஈழத்து முயற்சி என்னை இன்னும் அதிகமாகக் கவர்ந்தது. யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்த முப்பத்தொன்றாம் நாளில் அவரது வாழ்க்கை, குடும்பம், உறவினர் விவரம் ஆகியவற்றை அச்சிட்டு வழங்கும் வழக்கம் உண்டு. அந்நூலைக் கல்வெட்டு என்றே அழைப்பர். ஏனைய நூலகங்கள் குப்பை என்று ஒதுக்கக்கூடிய இந்த நினைவு மலர்களை அம்முயற்சியினர் தேடிச் சேர்த்து, படமெடுத்து, கட்டணமின்றி வைத்திருக்கின்றனர். பெயர்கள் தமிழில், எழுதப்பட்டவாறே உள்ளன. உறவுமுறைகளும் தமிழிலேயே. நான் பார்த்தவற்றுள் நமக்கு முன்மாதிரியாகக் கொள்ளத்தக்கது இதுவே. மேலைநாட்டுத் தளங்கள் அல்ல.

ஓர் எச்சரிக்கை மீதமிருக்கிறது. முடிவில்லா மூதாதையர் பட்டியல்களில் மனத்தைச் செலுத்த வேண்டாம் என்று புனித பவுல் திமொத்தேயுவுக்கும் தீத்துவுக்கும் எழுதுகிறார். முன்னோரைத் தேடுவோர் பலர் உண்மையில் தேடுவது சாதியின் பழம்பெருமையை என்பதை நாம் அறிவோம். வடக்கன்குளம் ஆலயத்தில் சாதியின்பேரில் எழுந்த சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. வமிசாவளி என்ற பெயரால் அதைத் தாளில் மீண்டும் எழுப்புவது எளிது. தேவசகாயத்தின் பெயரோடு வழங்கிய 'பிள்ளை' என்பதை வத்திக்கான் 2020இல் நீக்கியது. 2022 மே 15இல் அவர் அப்பட்டம் இன்றியே புனிதராக உயர்த்தப்பட்டார். அதற்காக இங்கே முகம் சுளித்தவர்களும் உண்டு. மத்தேயு எழுதிய தலைமுறை அட்டவணையில் தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி ஆகிய நால்வரும் மறைக்கப்படாமல் நிற்கின்றனர். குடும்பப் பெருமைக்காக எழுதப்பட்ட பட்டியலாயின் முதலில் வெட்டப்பட்டிருப்பவை அந்தப் பெயர்களே.

திருமுழுக்கு ஏட்டைப் படியெடுக்க முன்வருவோர் ஒரு கட்டத்தை விட்டுவிடக் கூடாது. மரமாக வரையும் தளங்களில் ஞானப்பெற்றோருக்குக் கிளை கிடையாது. வேண்டுமானால் குறிப்பாகச் சேர்க்கலாம். நம் ஏட்டிலோ பெற்றோருக்கு இணையாக அவர்களுக்கும் இடம் உண்டு. 1983 வரை ஞான உறவு திருமணத்திற்குத் தடையாகவே இருந்தமையால் குருக்கள் அக்கட்டத்தைத் தவறாது நிரப்ப வேண்டியிருந்தது. என் பாட்டியின் திருமுழுக்கு வரியைக் கடற்கரைப் பங்கொன்றில் ஒருநாள் காணப்பெற்றேன். தந்தையின் பெயர் இருந்த இடத்தைப் பூச்சி அரித்திருந்தது. ஞானத்தாயின் பெயர் மட்டும் நேற்று எழுதியது போல் தெளிவாக இருந்தது. அப்பெண்மணி எங்கள் குடும்பத்தவர் அல்லர். அவர் யார் என்று வீட்டு மூத்தோர் ஒருவருக்கும் தெரியவில்லை. கடந்த நவம்பரில் மரித்தோர் பெயர்களைப் பங்கில் எழுதிக் கொடுத்தபோது, பாட்டியின் பெயருக்குக் கீழே அவர் பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.